குதிரை பார்க்கப் போன நடை

– ஓட்டோ பிடிச்சிருந்தால் இந்நேரம் குதிரையளைப் பாத்துப்போட்டு இறங்குதுறைக்குத் திரும்பியிருக்கலாம், நிலாந்தி. இந்தக் கொளுத்திற வெயிலுக்கை ஆறு கிலோமீற்றர் நடப்பம் எண்டது நீர்தானே?

– ஓம், நான்தான். சுவிசிலை பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு மலை ஏறுறீங்கள். நெடுந்தீவு தட்டை நிலம். இதிலை நடக்க ஏலாதோ?

– மலையிலை நிழல் இருக்கு. இஞ்சை ஒரு பத்தை இருக்கே? புல்லும் கருகிக் கிடக்கு. ஆனால் உம்மடை வழிகாட்டிக்கு மட்டும் வேர்க்கேல்லை.

– என்ரை வழிகாட்டியோ? அவருக்குப் பேர் சுஜிதன்.

– தெரியும். இரண்டு மாசமா உம்மடை போனிலை அந்தப் பேரைத்தான் பாக்கிறன்.

– போனை எடுத்துப் பாத்தனீங்களோ?

– பாக்கேல்லை, கண்ணிலை பட்டது. சனிக்கிழமை சனிக்கிழமை பல்கனிக் கதவைச் சாத்திப்போட்டு அவனோடை என்ன கதை? குதிரையைப் பற்றியோ?

– குதிரையைப் பற்றியும்தான். மெதுவாக் கதையுங்கோப்பா, முன்னாலை போறவைக்குக் கேக்கும்.

– கேக்கட்டும். அவன்ரை கழுத்திலை குந்தியிருக்கிறது என்ரை மகன். நான் தூக்கிறன் வாடா எண்டதுக்கு டிலோன் என்ன சொன்னவன் தெரியுமோ? அப்பாவின்ரை தோள் உயரம் காணாதாம்.

– நாலு வயசுப் பிள்ளை சொன்னதுக்கு இவ்வளவு கோவமோ?

– கோவமில்லை. எரியுது. வாயைத் திறந்தே சொல்லுறன், எனக்கு எரியுது.

– தண்ணியைக் குடியுங்கோ.

– பகிடி விடாதையும்.

– அப்பா! அப்பா! இந்தக் கல்வேலிக்குச் சீமெந்தே இல்லையாம்! சும்மா அடுக்கி வைச்சதாம்! கடல் கல்லாம்!

– ஆர் சொன்னது, பவா?

– சுஜி மாமா!

– அவன் எப்ப உனக்கு மாமாவானவன்? ஆர் அப்பிடிக் கூப்பிடச் சொன்னது?

– மாமி. கோசலா மாமி. மாமிக்குத் தண்ணி வேணுமாம், போத்திலைத் தாங்கோ.

– இந்தா. ஓடாதை, கல்லுத் தடக்கும்! பாத்தீரே, நிலாந்தி? என்ரை தங்கச்சியும் அந்தப் பக்கம். ஒரு காலமைக்குள்ளை என்ரை ஆக்கள் எல்லாரையும் எடுத்துப்போட்டான்.

– கோசலா பாவம். உங்கடை அம்மா கண்ணை மூடுமட்டும் அந்தக் கட்டிலடியிலை கிடந்தவள். ஒரு நாள் சிரிச்சுக்கொண்டு நடக்கட்டும்.

– அவளை ஆர் இப்ப கதைச்சது? நான் உம்மைச் சொல்லுறன். காலமை அவன்ரை வீட்டிலை உமக்குச் சீனி போடாத தேத்தண்ணி வந்தது. ஆர் சொன்னது? டிலோனுக்கு நண்டு ஒத்துவராது எண்டு நான் வாய் திறக்க முந்தி சுஜிதன்ரை தாய் நண்டுச்சட்டியைத் தள்ளி வைக்குது. இது முதல் தரம் கண்ட சனம் செய்யிற வேலையோ?

– அவ்வளவு எரிஞ்ச ஆள் அங்கை ஏன் அப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?

– அவன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவன். நான் மூண்டு தரம் போட்டனான். ஒடியல் பிட்டும் மீன் குழம்பும் எனக்கும் இறங்கும். சுவிஸ்காரன் எண்டு என்னை இளப்பமா நினைக்கக்கூடாது. தாய் மனுசியும் அடுப்புப் புகைக்குள்ளை கண்ணைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டுக்கொண்டே இருந்தது. எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?

– என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு எங்கடை வீட்டிலை ஒரு வடையைத் தொடேல்லை நீங்கள்.

– அது முறை. ஓம் எண்டு முடிவெடுக்காமல் சம்பந்த வீட்டிலை கை நனைக்கக் கூடாது. கை நனைச்சால் சம்மதம் எண்டு அர்த்தம். அம்மா சொல்லித்தான் விட்டவா. ஓம் எண்டு சொன்னாப் பிறகு ஆறு வடை சாப்பிட்டனான் தானே?

– ஏழு.

– கதையை மாத்தாதையும். அவன் போட்டிருக்கிற நீலச் சேட்டு நீர் சுவிசிலை வாங்கினது. சூட்கேசுக்குள்ளை கண்டிட்டு எனக்கெண்டு நினைச்சனான். அளவு கொஞ்சம் பெரிசு எண்டும் நினைச்சனான்.

– உங்களுக்குத் தொளதொள எண்டு நிக்கும்.

– நிலாந்தி, ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும். எனக்கு முந்தி உமக்கும் இவனுக்கும் ஏதேனும் இருந்ததோ?

– ஐயோ, எனக்குச் சிரிப்பு வருது.

– எனக்கு வரேல்லை. இரண்டு மாசமா நித்திரையில்லை. பிள்ளையளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு பிளேன் ஏறினனான்.

– என்னப்பா இது, கண் கலங்குது? சரி, முன்னாலை பாருங்கோ. என்ன தெரியுது?

– அவன் தெரியிறான். கழுத்திலை டிலோன்.

– பக்கத்திலை?

– பவா துள்ளிக்கொண்டு போறாள்.

– மற்றப் பக்கத்திலை?

– கோசலா. அதுக்கென்ன?

– அவரின்ரை தோளிலை ஒரு பை தொங்குது. ஆற்றை பை?

– கோசலான்ரை போலை கிடக்கு. அவள் தன்ரை பையை ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டாளே.

– இறங்குதுறையிலை இறங்கின நேரம் தொட்டு அவர்தான் கொண்டு வாறார். நீங்கள் என்னையே பாத்துக்கொண்டு வந்ததிலை உங்களுக்குத் தெரியேல்லை.

– என்ன சொல்லுறீர்?

– ஒன்பது வருசத்துக்கு முந்தி கோசலாவுக்கு ஒரு நெடுந்தீவுச் சம்பந்தம் வந்தது. ஞாபகமோ?

– ஓம். கமமும் மாடும் வைச்சிருந்த ஆரோ. சுவிசிலை நிண்டு போனிலையே வேண்டாம் எண்டனான். கடல் தாண்டி ஆர் பொம்பிளை குடுக்கிறது? சோளகக் காத்து அடிச்சால் படகு ஓடாது. வருத்தம் துன்பம் எண்டால் என்ன செய்யிறது?

– மாப்பிள்ளையின்ரை பேர் என்ன?

– பேரோ? ஊரைச் சொன்ன உடனை போனை வைச்சிட்டன். பேரை ஆர் கேட்டது?

– கேட்டிருக்கலாம்.

– சுஜிதனோ?

– அவர்தான். அவள் வேறை ஆரையும் கட்டமாட்டன் எண்டிட்டாள். அவரும் கட்டேல்லை. அண்ணை ஓம் எண்டு சொல்லாமல் இந்தக் கடலைத் தாண்டி வாழவரமாட்டன் எண்டு இருந்தவள். சனிக்கிழமையிலை நான் கதைச்சது அவளுக்காக. சேட்டின்ரை அளவு சொன்னது அவள். டிலோனுக்கு நண்டு கூடாது எண்டு சொன்னதும் அவள். ஓட்டோவிலை வந்திருந்தால் கால் மணித்தியாலம். நடந்தால் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலம் அவைக்கு வேணும்.

– அப்ப, உமக்கு ஒண்டுமில்லை?

– எனக்கு நீங்களே கூடிப்போச்சு.

– அப்பாடா! பொறும், என்ன அப்பாடா? என்னை விசரனாக்கிப் போட்டீர். நேரை என்னட்டைக் கேட்டிருக்கலாமே?

– கேட்டிருந்தால் திரும்பவும் ஊரின்ரை பேரோடை நிப்பாட்டியிருப்பீங்கள்.

– அவளுக்கு நான் சுவிசிலை ஒரு மாப்பிள்ளை பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்?

– ஒன்பது வருசமாப் பாக்கிறீங்கள். அவளுக்கு முப்பத்தெட்டு முடிஞ்சுது.

– அப்பா! கெதியா வாங்கோ! குதிரை வந்திட்டுது! நீங்கள் வருமட்டும் பாக்கக்கூடாதாம், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நிக்கினம். மாமி மட்டும் திரும்பித் திரும்பி உங்களைத்தான் பாக்கிறா, அப்பா.

– வாறன் எண்டு சொல்லு, பவா. ஓடு. இஞ்சரும் நிலாந்தி, என்னை அவசரப்படுத்த ஏலாது. வீட்டை போய் யோசிச்சுத்தான் முடிவு சொல்லுவன். நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை.

– நீங்கள் சொல்லி முடிஞ்சுதப்பா. காலமை மூண்டாம் தரம் பிட்டுக்குக் கோப்பையை நீட்டினீங்களே, அப்ப அந்த மனுசி அழுதது அடுப்புப் புகையாலை இல்லை.