மேஜை மேல் திறந்திருந்த போன்

— இல்லடி, அந்த இங்கிலீஷ் பாடத்துல பேசுற ஆளை விட்டுத்தள்ளு. இஸ்திரி போட்டு மடிச்ச துணி மாதிரி ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வைக்கிறான். எந்த மனுஷன் அப்படிப் பேசுறான்?

— அதைத்தானேம்மா நானும் சொன்னேன். ஆளுங்க நிஜமா பேசிக்கிறதைக் கேட்டாத்தான் இங்கிலீஷ் வரும். உன் மாப்பிள்ளை இந்த நாட்டுலயே வளர்ந்தவர், வீட்டுலயும் இங்கிலீஷ்தான். அதுக்குத்தானே நாங்க சாப்பிடும்போது உனக்கு லைன் போட்டு, போனை மேஜை மேல திறந்தே வைக்கிறேன்.

— நானும் காதுல மாட்டிக்கிட்டுத் தையல் மிஷின்ல உக்காந்துடுறேன். மொதல்ல ஒரு மண்ணும் புரியல. பாதியை முழுங்குறீங்க. ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிச்சுடுறீங்க. நடுவுல தட்டுச் சத்தம் வேற, குழந்தை சிணுங்கல் வேற.

— இப்போ?

— கொஞ்சம் பிடிபடுது. பக்கத்து வீட்டு டீச்சர் கிட்ட, எனக்கு என் மகதான் வாத்தியார்னு பீத்திக்கிட்டேன்.

— பரவாயில்லையே! நீ இங்க வந்தா கடைக்காரன் கிட்ட நீயே பேரம் பேசிடுவே போல.

— கிண்டல் பண்ணாதே. ஆமா, மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?

— இல்லம்மா. கீழே காரைக் கழுவிட்டிருக்கார். ஏன்?

— நேத்து ஒரு சட்டைக்குக் கையை மாத்தி வச்சுத் தைச்சுட்டேன். மிஷின்ல உக்காந்த நாள்லேர்ந்து அப்படி ஒரு தப்பு செஞ்சதில்ல.

— கண்ணு மங்குதாம்மா? டாக்டர் கிட்ட காட்டலாம்ல?

— கண்ணு நல்லாத்தான் இருக்கு. காதுதான்.

— காது வலியா?

— மாப்பிள்ளை சாதாரணமா பேசினா எனக்கு இன்னும் பாதி புரியாது. கோபம் வந்தா மட்டும் அந்தப் பாடக்காரன் மாதிரியே பேசுறார். சத்தம் போடாம, ஒவ்வொரு வார்த்தையா. நேத்து முழுசாப் புரிஞ்சுடுச்சு.

— அது... டிவி ஓடிட்டிருந்துச்சும்மா.

— டிவிக்காரன் உன் பேரைச் சொல்லியா திட்டுவான்?

— கதவைச் சாத்திட்டு வர்றேம்மா.

— உக்காந்து திங்கிறவளுக்கு வாய் எதுக்குன்னார். நீ மெல்ல, அம்மா லைன்ல இருக்காங்கன்னே. அந்தம்மாவுக்கு என்ன புரியப் போகுது, கிடக்கட்டும்னார். அதுவும் புரிஞ்சுது. நீ திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டே. எதுக்குடி கேட்டே?

— சாப்பாட்டுல உப்பு கம்மியாம்.

— உப்பா!

— மெல்லம்மா. அப்பா காதுல விழப்போகுது.

— அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? நான் பாத்து, நான் பேசி முடிச்ச சம்பந்தம். தங்கமான மாப்பிள்ளைன்னு துணி கொடுக்க வர்றவங்க கிட்டயெல்லாம் நான்தான் சொல்லித் தொலைச்சேன். கை நீட்டுறாரா?

— இரு, ஜன்னல் வழியா பாத்துக்கறேன். ம்... இன்னும் கழுவிட்டுத்தான் இருக்கார்.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— கேக்காதேம்மா.

— குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பி வந்துடு கண்ணு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.

— குழந்தையோட பாஸ்போர்ட் அவர் ஆபீஸ் லாக்கர்ல இருக்கு.

— சரி, நான் புறப்பட்டு வர்றேன்.

— உனக்கு விசா வேணும்னா அவர்தான் கையெழுத்துப் போடணும்மா.

— அப்போ நான் எதுக்குடி இருக்கேன்? இங்க உக்காந்து ஊசியைக் கோத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கவா? இதுக்குப் புரியாமலே இருந்திருக்கலாம். நிம்மதியாவாவது தைச்சுட்டிருந்திருப்பேன். எனக்கு என்னைக்கும் புரியாதுங்கற தைரியத்துலதானே போனைத் திறந்து வச்சே?

— இல்லம்மா. தமிழ்ல உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. உனக்கு எப்போ புரியும்னுதான் காத்துட்டிருந்தேன்.