டிரைவர் பக்கத்துக் கதவு

கிருபை: மெதுவா அடிலே. யாரு உன்னை விரட்டுதா?

ஜெயசிங்: யாரும் விரட்டலக்கா. பொழுது சாயுததுக்குள்ள முடிச்சிரணும்லா. கடல்காத்து ஈரமா வந்துச்சின்னா பெயின்ட் கெட்டுப்போவும்.

கிருபை: கெட்டா கெடட்டும். உன் அத்தான் நாளைக்குத்தான வாராவ. வந்ததும் வராததுமா வண்டியத் தடவிப் பாக்கப் போறாவளா? என்னலே, அத்தான்னு சொன்னா மட்டும் வாய் கட்டிப்போவுது உனக்கு?

ஜெயசிங்: ஒண்ணுமில்ல. இந்த மட்கார்டு ஓரத்துல கவனமா இழுக்கணும். வீட்டுக்கு வெள்ளையடிச்ச வெள்ளத்துரையையே இதையும் அடிக்கச் சொல்லிருக்கலாம்லா? நாசரேத்துலருந்து ஒரு டிராயிங் வாத்தியாரை மில்லர்புரத்துக்கு வரவழைச்சி, பழைய பிக்கப்புக்குப் பச்சை பெயின்ட்...

கிருபை: அவங்கிட்டதான் முதல்ல சொன்னேன். துரு எல்லாம் அவன்தான் சுரண்டுனான். பிறகு ஏணியக்கூட எடுக்காம போயிட்டான்.

ஜெயசிங்: ஏன், கூலி பத்தலையாமா?

கிருபை: டிரைவர் சீட்டு ஈரமா இருக்காம். துடைச்சா மறுபடியும் ஈரமாவுதாம்.

ஜெயசிங்: ஷெட்டு ஒழுகியிருக்கும்.

கிருபை: மழை எங்கலே பெஞ்சிது?

ஜெயசிங்: அப்ப... பூனை கீனை...

கிருபை: தொட்டு நாக்குல வச்சிப் பாத்திருக்கான் கிறுக்குப்பய. உப்பாக் கரிக்குன்னான்.

ஜெயசிங்: தூத்துக்குடியில எதுதான் கரிக்கல? வீட்டுச் சுவரே கரிக்கத்தான செய்யுது.

கிருபை: அதையேதான் நானும் அவங்கிட்ட சொன்னேன். நிக்கல. சரி, காப்பி ஆறுது. குடிச்சிட்டு அடி.

ஜெயசிங்: பொறவு குடிக்கேன்.

கிருபை: குடிலே. அந்தப் பிரஷ்ஷக் கீழ வையி.

ஜெயசிங்: எக்கா... நாளைக்கு அத்தான் வாராருன்னு உங்கிட்ட யாரு சொன்னா?

கிருபை: சொல்ல வேண்டியவிய சொன்னாவ.

ஜெயசிங்: யாருக்கா அது? கொழும்புலருந்து ஆளு வந்துச்சா?

கிருபை: ஏன், நீ மட்டும்தான் கொழும்பு சேதி கொண்டாரணுமா? வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு நீதான வந்து சொல்லுவ. கடை வச்சிருக்காவ, உடம்பு கொஞ்சம் தேறியிருக்கு, அடுத்த வருசம் வந்துருவாவன்னு. இந்த வருசம் எனக்கே சேதி வந்துட்டு.

ஜெயசிங்: போதகர்கிட்ட சொல்லிட்டியா?

கிருபை: சொல்லாம இருப்பனா? நாளைக்குக் கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கப் போறேன். காணாமப்போன புருசன் வீடு வந்து சேந்தார்னு சபைக்கு முன்னால சொல்லுவாராம்.

ஜெயசிங்: நம்ம பிள்ளை அற்புதத்துக்குத் தெரியுமா?

கிருபை: காலையில முதல் பஸ்ஸுல ஹாஸ்டல்லருந்து வாரா. அப்பா முகத்தைப் பாக்காமலே தாவணி போடுத வயசு வந்துட்டு. எந்தலையில பூ இருக்கதைப் பாத்துப் பாத்துத்தான் தனக்கு அப்பா இருக்காருன்னு நம்புதா.

ஜெயசிங்: பிள்ளைகிட்டப் போயி ஏங்க்கா சொன்ன...

கிருபை: ஏன், சொல்லக் கூடாதா?

ஜெயசிங்: இல்ல. வாரது நிச்சயமான்னு பாத்துட்டு...

கிருபை: நிச்சயம் இல்லைன்னு உனக்கு எதாவது தெரியுமா? தெரிஞ்சா இப்பவே சொல்லிரு தம்பி. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

ஜெயசிங்: எனக்கென்ன தெரியும். டர்பன்டைன் பாட்டிலை எடு. கட்டியா இருக்கு.

கிருபை: இந்தா. ... உனக்கு அந்த நாத்தம் அடிக்கலையா?

ஜெயசிங்: பெயின்ட்டு நாத்தம்.

கிருபை: அதுக்கு உள்ளுக்குள்ள. அழுகுன சிப்பி நாத்தம். கடைசி முத்துக்குளிப்பு நடந்தப்ப கடக்கரையிலருந்து இந்த வண்டியிலதான உன் அத்தான் சிப்பி ஏத்துனாவ. வெயில்ல கெடந்து நாறும். எத்தனை சோப்புப் போட்டாலும் அவிய சட்டைய விட்டுப் போவாது. நான் மூக்கப் பொத்துனா சிரிப்பாவ.

ஜெயசிங்: இத்தனை வருசம் கழிச்சி எப்படிக்கா அடிக்கும்?

கிருபை: அதான் நானும் கேக்கேன். என்ன, ரெண்டு கையாலயும் அடிக்க? மெதுவாலே. பின்பக்கம் முடிச்சிட்டு இந்தப் பக்கம் வா. டிரைவர் கதவைக் கடைசியா வச்சிக்கோ.

ஜெயசிங்: பின்பக்கமெல்லாம் முடிஞ்சிட்டு. இந்தக் கதவு ஒண்ணுதான் பாக்கி.

கிருபை: அதுக்குள்ளயா?

ஜெயசிங்: சீக்கிரம் முடிச்சிட்டு ஏழு மணி பஸ்ஸப் பிடிக்கேன்.

கிருபை: அத்தான் வாராவன்னு சொல்லுதேன், நீ பஸ்ஸப் பிடிக்கேன்னு நிக்க. வந்ததும் முதல்ல உன்னையத்தான கேப்பாவ? மச்சானும் மச்சானும் அப்படி இருந்திய. முத்துக்குளிக்கதை வேடிக்கை பாக்கக்கூட ரெண்டு பேரும் சேந்துதான் போவிய.

ஜெயசிங்: ஆமா.

கிருபை: அந்தக் குளியாளுவ ஒரு வழக்கம் வச்சிருப்பாவளே. முங்குதவன் இடுப்புக் கயிறை வள்ளத்துல இருந்து யாரு பிடிக்கணும்?

ஜெயசிங்: இப்ப எதுக்குக்கா அது?

கிருபை: மறந்துபோச்சி. நீதான வாத்தியாரு, சொல்லு.

ஜெயசிங்: மச்சான் பிடிக்கணும். முங்குதவன் பொண்டாட்டி கூடப் பிறந்தவன்.

கிருபை: ஏன் அவன்?

ஜெயசிங்: கூடப் பிறந்தவ தாலி அறுக்கதுக்கு எவனும் சம்மதிக்க மாட்டான்லா. என்ன ஆனாலும் கயிறை விட மாட்டான்.

கிருபை: நல்ல வழக்கம்.

ஜெயசிங்: ம்.

கிருபை: உன் உள்ளங்கையக் காட்டு.

ஜெயசிங்: பெயின்டா இருக்கு.

கிருபை: பெயின்ட்டுக்குக் கீழ குறுக்க ஒரு தழும்பு உண்டே. ரெண்டு கையிலயும்.

ஜெயசிங்: அது கெணத்து வாளி வழுக்கி...

கிருபை: அற்புதம் கேட்டப்போ சைக்கிள் செயின்னு சொன்ன.

ஜெயசிங்: எக்கா, என்னை வேலை செய்ய விடுதியா? நீ இப்படிப் பேசுனா கோடு கோணிப்போவுது.

கிருபை: கோணுனா நிறுத்திரு. நிறுத்திட்டு எங்கிட்ட உக்காந்து பேசு. அத்தானைத் தோணி ஏத்திவிட்ட அன்னைக்கு என்ன நடந்துச்சி, அதைச் சொல்லு. எத்தனை வாட்டி சொன்னாலும் கேக்கேன்.

ஜெயசிங்: அதான் சொல்லிருக்கேனே. யாவாரம் பாத்துட்டு வாரேன்னு கெளம்புனாரு. தோணியில ஏத்திவிட்டேன். அவ்வளவுதான்.

கிருபை: வேற ஒண்ணும் இல்லையா?

ஜெயசிங்: வேற என்ன...

கிருபை: தம்பி, என் முகத்தப் பாத்துச் சொல்லு.

ஜெயசிங்: அந்தப் பிரஷ்ஷ எடு. சின்னது. கைப்பிடிக்குச் சுத்தி இழுக்கணும்.

கிருபை: அந்த மூலைய மட்டும் விட்டுரேன்.

ஜெயசிங்: எந்த மூலைய?

கிருபை: கதவு அடியில. ஒரு சாண் இடம் பழசாவே கெடக்கட்டும். நாளைக்கு அடிச்சிக்கிடலாம்.

ஜெயசிங்: நல்லாருக்கே. பாக்கவன் எல்லாம் டிராயிங் வாத்தியார் லட்சணம் இதான்னு சிரிக்கதுக்கா? முடிஞ்ச மாதிரிதான்க்கா, நாலே இழுப்பு.

கிருபை: அக்கா கேக்கேன்லா. ஒரு சாண் எடம். விட்டுருலே.

ஜெயசிங்: என்ன கிறுக்கு இது... இந்தா. முடிஞ்சிட்டு.

கிருபை: முடிஞ்சிட்டா?

ஜெயசிங்: ஒரு பொட்டு பாக்கி இல்ல. வந்து பாரு, புது வண்டி தோத்துப்போவும். எக்கா? ஏன் அழுத?

கிருபை: ஒண்ணுமில்ல. பின்னால கெடக்க சாக்க எடுத்து வெளிய போட்டுரு.

ஜெயசிங்: சந்தோசத்துல அழுதியாக்கும். ... இதென்ன, சாக்குக்கு அடியில கயிறு. சொட்டச் சொட்ட நனைஞ்சி கெடக்கு. நீயா போட்ட?

கிருபை: நான் எதுக்குப் போடுதேன்.

ஜெயசிங்: பாசி வேற பிடிச்சிருக்கு. நுனியில என்னமோ துணி சுத்தி... எக்கா. இந்தத் துணி...

கிருபை: என் ஊதாச் சேலை. அவிய போன அன்னைக்குக் கொடியில காஞ்சிது. எடுக்கப் போறேன், முந்தி கிழிஞ்சிருக்கு. கை வழுக்காம இருக்க நீ கிழிச்சிட்டுப் போனது.

ஜெயசிங்: இது இங்கன இருக்கக் கூடாது.

கிருபை: பிறகு எங்கன இருக்கணும்?

ஜெயசிங்: கடலுக்குள்ள. முயல் தீவுக்கு அந்தப் பக்கம். இது அன்னைக்கே உள்ள போயிட்டுக்கா.

கிருபை: கயிறு மட்டுமா போச்சி? சொல்லு. இப்பமாவது சொல்லு.

ஜெயசிங்: அத்தான் கொழும்புக்குப் போகலக்கா. சர்க்கார் முத்துக்குளிப்பு முடிஞ்ச பிறகு, கடலடிப் பாறையில இன்னும் சிப்பி கெடக்கு, திருட்டுத்தனமா ஒரே ஒரு தடவை முங்கிப் பாப்போம்னாரு. நாம என்ன கடலுக்குப் பிறந்தவங்களா? அவரும் முங்குனதில்ல, நானும் கயிறு பிடிச்சதில்ல. மச்சான்தான் பிடிக்கணும், வா-ன்னு சிரிச்சிக்கிட்டே இறங்குனாரு. இழுத்தாரு. நானும் இழுத்தேன். வள்ளம் சாஞ்சிது... கை ரெண்டும் தீஞ்சுபோச்சி. விட்டுட்டேன். நீ அற்புதத்தை வயித்துல வச்சிக்கிட்டு வாசல்ல நின்ன. எப்படிச் சொல்லுவேன்? பிள்ளை பிறக்கட்டும்னு இருந்தேன். பிறகு ஒரு வருசம், பிறகு இன்னொரு வருசம்... என்னைய அடி, எக்கா. நாளைக்குக் கோயில்ல மட்டும் ஒண்ணும் சொல்லிராத.

கிருபை: கோயில்ல சொல்லதுக்கு ஒண்ணும் இல்லலே. போதகரை நான் பாக்கவே இல்ல. அற்புதமும் வரல.

ஜெயசிங்: அப்ப உனக்கு...

கிருபை: கயிறைக் கீழ போடு முதல்ல.

ஜெயசிங்: வர மாட்டேங்குதுக்கா. கையச் சுத்திக்கிட்டு. மறுமுனை பின் கண்ணாடி வழியா உள்ள போவுது... டிரைவர் சீட்டுல எதுலயோ மாட்டியிருக்கு போல. எக்கா, இழுக்குது. உள்ளருந்து யாரு இழுக்கா?

கிருபை: உன் அத்தான்தாம்லே. சாயங்காலமானா வந்து அந்த சீட்டுலதான் உக்காருதாவ. கொழும்புல இல்லைன்னு அவிய வாயாலதான் கேட்டேன். இந்த வாட்டி மச்சான் முங்கட்டும், கயிறை நான் பிடிக்கேன்னாவ. எனக்கு இருக்கது ஒரே தம்பி, விட்டுருங்கன்னு கால்ல விழுந்து அழுதேன். அவனையே வரவழைச்சி வண்டிக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லு, அடிச்சி முடியதுக்குள்ள அவனா வாயத் தெறந்து உங்கிட்ட சொல்லிட்டா விட்டுருதேன், நீ எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னாவ. அதுக்குத்தாம்லே தம்பி, மெதுவா அடி, ஒரு மூலைய விட்டுருன்னு அந்தக் கெஞ்சு கெஞ்சுனேன்.