புகை போடாமல் மாற்றிய பெட்டி

"தேனீப் பெட்டிய எடுக்கச் சொல்லுங்கன்னா, ஒங்க அண்ணனக் கண்டா மட்டும் வாய் வராதா?" என்று தம்பி மனைவி டயானா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து நானே கொளுத்திப்புடுறேன். போதுமா?" என்றான் என் தம்பி அருள்தாஸ்.

ஆவூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்; கொல்லையும் பொது. பேசுவதெல்லாம் கேட்கும். அவர்கள் பயம் நியாயமானது. போன வருடம் ஒரே ஒரு தேனீ கொட்டி அவனுக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்தது. இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நானும் இருந்தேன்.

சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பெட்டிக்கு மாற்றும் வேலை எனக்கு ரொம்ப நாளாகப் பாக்கி. அளவு வேறு என்பதால் பழைய மரச்சட்டம் புதுப் பெட்டியில் உட்காராது. அதிலிருக்கும் தேனடையை அறுத்தெடுத்து, புதுச் சட்டத்தில் வாழைநாரால் கட்ட வேண்டும். அறுக்கும்போது ஈக்கள் வெறியாகும். அதனால் பொழுது சாயும்போது, புகை போட்டு, பக்கத்து வீட்டாரை உள்ளே போகச் சொல்லிவிட்டுத்தான் செய்யணும். நம் தேனீ வளர்ப்போர் குழுவில் புதியவர்களுக்கு நானே இதை எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை உச்சிவெயிலில் தம்பி கொல்லைப் பம்படியில் குளிக்க வந்தான். நான் முகவலை மாட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்தேன். புகை போடவில்லை.

"என்னண்ணே, இந்நேரத்துல?" என்றான்.

"பெட்டி மாத்துறேன்டா. நீ குளி."

கொஞ்ச நேரத்தில் ஈக்கள் கொட்டி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, வண்டிய எடு" என்றான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கையில் ராணித் தேனீ இருந்த அடை. அப்படியே விட்டால் அடை சரிந்து ராணி நசுங்கிவிடும். நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, சட்டத்தைப் பெட்டியில் இறக்கி, மூடிவிட்டுத்தான் எழுந்தேன். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டான்.

ஊரில் விபத்து என்கிறார்கள். புகை போட நான் மறக்கவில்லை. அவன் குளிக்க வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். ஆனால் கொலை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொட்டியது நான் இல்லை. அவனும் கொளுத்தப் பார்த்தது ஒரு கூட்டம் உயிரைத்தான்.

தேனீ வளர்க்கிறவர்களுக்குத்தான் இது புரியும். உங்கள் கையில் ராணியோடு அடை இருந்திருந்தால் கீழே போட்டிருப்பீர்களா? மனதில் பட்டதை மறைக்காமல் பதில் எழுதுங்கள்.