கயிறு முடியற நாளு

வெள்ளிமலையிலேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு எறங்கற பஸ்ஸு. எனக்கு முன்னாடி சீட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி. தூங்கற மாதிரி கண்ண மூடிக்கினு கேட்டுக்கினே வந்தேன்.

"குடிக்க மாட்டேன்னு கோயில்ல கட்டின கயிறு இன்னிக்கி முடியுது. டவுன்ல எறங்கினதும் நீ கடைக்கித்தான்யா ஓடுவ"ன்னா அவ.

பக்கத்துல நின்னவர அவன் மெதுவா கேட்டான். "அண்ணே, டவுன்ல குடிய வுட்டவங்க கூட்டம் போடறாங்களாமே, எங்கண்ணே?"

"நானே அங்கதாம்பா போறேன். பத்து வருசமா போறேன்."

"பத்து வருசமா? இன்னும் வுடலியா நீங்க?"

"முத நாளே வுட்டேன். திரும்ப வந்து ஒட்டிக்காம இருக்கத்தான் போறேன்."

"அங்க எத்தினி மாசத்துக்குக் கயிறு கட்டுவாங்க?"

"கயிறெல்லாம் இல்ல. இன்னிக்கி ஒரு நாளு குடிக்க மாட்டேன்னு சொல்லணும், அவ்ளோதான்."

அவன் மொகம் மலர்ந்துபோச்சு. "ஒரே நாளா! கோயில்ல மூணு மாசம்ணே!"

"நாளைக்கி?"ன்னு கேட்டா பொண்டாட்டி.

"நாளைக்கும் வந்து இதையேதாம்மா சொல்லணும்."

அவ சிரிச்ச சிரிப்புல கண்டக்டரே திரும்பிப் பாத்தாரு.

"இது மோசடிண்ணே. நான் மூணு மாசத்துக்கே மறுபடியும் கட்டிக்கிறேன்."

"கோயிலு மலையில கீது. திரும்பிப் போற பஸ்ஸு சாயங்காலந்தான். அதுவரைக்கும் எங்கய்யா ஒக்காருவ? கடையிலயா, கூட்டத்துலயா?"ன்னா பொண்டாட்டி.

பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள நொழஞ்சிடுச்சு. அவன் அந்த ஆளக் கேட்டான்.

"அங்க டீயாச்சும் குடுப்பாங்களாண்ணே?"

"ரெண்டு வாட்டி."

பொண்டாட்டிக்கி முன்னாடி அவன்தான் எறங்கினான்.