வினிஃப்ரெட்டுக்குப் பதில் எழுதிய பதினோரு பேர்

திட்டி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிழையில்லாமல் எழுதுவார்கள், சார்ஜென்ட். புகழ்கிறவர்களுக்குத்தான் அவசரம். காற்புள்ளி, முற்றுப்புள்ளி ஒன்றும் இருக்காது. பல வருடம் இரண்டு வகையையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மிஸ் வினிஃப்ரெட் சார்ல்டன் ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லை.

என் பெயர் கிளைவ் ஆம்ப்ளர். வயது ஐம்பத்திரண்டு. கில்ஃபோர்டில் ஆற்றோரமாக இருக்கிறது எங்கள் அலுவலகம். 'மண்ணும் மழையும்' என்ற வீடியோ கேம் எங்களுடையது. அதில் ஆடுகிறவர்தான் கடவுள். கீழே ஒரு பள்ளத்தாக்கு, அதில் நானூறு சனங்கள். மழை தரலாம், வெள்ளம் தரலாம், ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். அந்தச் சனங்கள் வேண்டிக்கொள்ளும் பகுதியை எழுதியவன் நான். ஐந்து வருட வேலை. கடவுள் பதில் தராவிட்டால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள். இன்னும் அழகாக வேண்டுவார்கள். முதல் நாள் ஒரு விளக்கு. பத்தாம் நாள் ஓர் ஆட்டுக்குட்டி. நாற்பதாம் நாள் ஊரே மலையேறி வந்து பாடும். அந்தப் பாட்டு, பதில் தருகிற கடவுளுக்குக் கேட்கவே கேட்காது. காத்திருக்க வைத்தவருக்கு மட்டும்தான்.

கேம் வெளிவந்ததும் ஆடியவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு பாதிக்கு அந்த மௌனம்தான் எல்லாம்; அழுதோம் என்றுகூட எழுதினார்கள். மறுபாதி, இது பாதியில் விட்ட வேலை, வெற்றுப் பொம்மை, ஏமாற்று என்றது. அவர்கள் சண்டை போடுவதற்கென்றே எங்கள் இணையதளத்தில் ஒரு கருத்துக்களம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஹ்யூகோ எனக்குக் கொடுத்தார். அவர்தான் முதலாளி.

"உனக்குத்தான் மனுஷங்ககிட்ட பேசுற பொறுமை இருக்கு கிளைவ்" என்றார்.

அது பதவி இறக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை.

மிஸ் சார்ல்டனின் மதிப்புரை ஒரு பிப்ரவரியில் வந்தது. ஹெக்ஸமில் நாற்பது வருடம் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயதில், முழங்கால் அறுவை முடிந்து படுத்திருந்தபோது பொழுதுபோக்காக ஆடத் தொடங்கியிருக்கிறார். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் தந்திருந்தார். மற்றவர்கள் திட்டியதுபோல் அவர் திட்டவில்லை. 'என்னைக் கூப்பிட்டார்கள், நான் போனேன், என் வேலை அவ்வளவுதான். பனியில் வண்டி சிக்கி ஒரு முறை இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தவர்கள் யாரும் அழகாக இல்லை. இந்த ஆட்டத்தில் காக்கவைக்கப்பட்ட சனங்கள் அழகாகிக்கொண்டே போகிறார்கள். இதை எழுதியவர் ஒருநாளும் காத்திருந்ததில்லை.' அப்படித்தான் முடிந்தது.

ஹ்யூகோ அதை அச்செடுத்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினார். டீ போடப் போகும்போதெல்லாம் என் கண்ணில் படும். மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா சொல்றது சரின்னுதான்பா படுது. அடுத்த வெளியீட்டுல வேண்டுதலை எடுத்துடலாம்னு பாக்குறேன். உனக்கு வருத்தமா?"

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "ஆனா ஒருத்தர் சொன்னதுக்காக எடுக்கணுமா? கொஞ்ச நாள் பாப்போம். நெறைய பேர் அப்படி நினைச்சா எடுத்துடலாம்."

ஒப்புக்கொண்டார். அன்று மதியம் நான் மிஸ் சார்ல்டனை மறைத்து வைத்தேன். விளம்பரம் போட்டுத் தொல்லை தருகிறவர்களுக்காகக் களத்தில் இருக்கும் வசதி அது. மறைத்து வைக்கப்பட்டவர் எழுதுவது அவர் திரையில் மட்டும் தெரியும். களத்தைப் பார்த்துக்கொள்கிற என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவருக்கு அது தெரியவும் தெரியாது. யாரையும் வெளியேற்றவில்லை, ஒரு வார்த்தையையும் அழிக்கவில்லை. வெறும் ஒரு சிறு கட்டத்தில் ஒரு குறி.

அவரைப் பின்பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல அடங்கிப்போனார்கள். கோடை வந்ததும் ஹ்யூகோ கேட்டார்: "அந்த ஹெக்ஸம் அம்மா எங்கப்பா, ஆளையே காணோம்?"

"ஆட்டத்தை விட்டுட்டாங்க போல" என்றேன்.

வேண்டுதல் கேமில் நிலைத்தது.

அத்தோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நான் இரக்கம் இல்லாதவன் அல்ல, சார்ஜென்ட். மறைத்து வைத்த நாலாம் நாளே அவர் எழுதினார்: 'யாராவது இருக்கீங்களா? எல்லாரும் எங்க போயிட்டீங்க?' அடுத்த நாளும் அதையே எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. லயனல் என்று ஒருவரை உண்டாக்கி, அவர் எழுதுவதும் மிஸ் சார்ல்டனின் திரையில் மட்டும் தெரியும்படி வைத்தேன். பிளாக்பூலில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். லயனல் அவருக்குப் பதில் எழுதினார். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நீங்களே படித்திருப்பீர்கள்.

ஆனால் அவரோடு ஒத்துப்போகிற ஒருவர் மட்டும் போதாது. அவருக்கு வாதம் பிடிக்கும். அதனால் கார்க் நகரத்து உர்சுலா வந்தாள், கேமை உயிராக நேசிப்பவள். பிறகு லீட்ஸில் படிக்கும் வாயாடி மாணவன் ஒருவன், பெயர் டிக்கி. அவரை 'பெரிசு' என்றுதான் கூப்பிடுவான்.

'என்ன பெரிசு, கண்ணாடியைத் தொடச்சிட்டுத்தான் ஆடினீங்களா?'

'தொடச்சேன்டா. அதனாலதான் ஓட்டையெல்லாம் தெரியுது.'

டிக்கியை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கிறிஸ்துமஸுக்குள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நடை, ஒரு கோபம், எழுத வரும் நேரம் என்று தனித்தனியே குறித்து வைத்திருந்தேன். யார் வாதத்திலும் அவர் அசையவில்லை. பத்தொன்பது மாதம் பேசியும் அந்த ஒரு நட்சத்திரம் இரண்டு ஆகவில்லை. அவருடைய பிடிவாதத்தை நான் மதித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு முறை நேரில் பார்த்தேன். ஏப்ரலில் விடுப்பு எடுத்து, லயனலாகப் போனேன். ஹெக்ஸமுக்கு வெளியே, சாலை மேடேறும் இடத்தில் தனி வீடு. ஸ்டாட்டி என்கிற அந்தப் பக்கத்துத் தட்டை ரொட்டியில் பன்றி இறைச்சி வைத்துத் தந்தார். எதிரில் உட்கார்ந்து என்னை வெகுநேரம் பார்த்தார்.

"டிராம் ஓட்டினவர் கை மாதிரி இல்லையே உங்க கை" என்றார்.

"ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சு."

"அதுவும் சரிதான். நானும் இப்ப எதையும் சீக்கிரம் நம்பிடுறேன்" என்று சிரித்தார். "உங்களையெல்லாம் விட்டா எனக்குப் பேச ஆள் இல்ல லயனல். தங்கச்சி மகன் நியூசிலாந்துல இருக்கான். பக்கத்து வீட்டுக்காரங்க அக்டோபர் பொறந்தா ஸ்பெயினுக்குப் போயிடுவாங்க. கோயில்ல லிண்டான்னு ஒருத்தி, அவ்வளவுதான்."

தொலைபேசி சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது. கைபேசி அவரிடம் இல்லை. பின்னறைக்கு இரண்டு கல்படி இறங்கவேண்டும். டேப்லெட்டை எப்போதும் கையிடுக்கில் வைத்திருந்தார். இதையெல்லாம் நான் வேவு பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. கிளம்பும்போது என் கோட்டுக் கழுத்தைச் சரிசெய்துவிட்டார்.

இனி அந்த அக்டோபர் பதினேழாம் தேதி.

காலை பத்து நாற்பதுக்கு அவர் எழுதினார். 'லயனல், இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா? பின்னறைப் படியில விழுந்துட்டேன். இடுப்பு முறிஞ்சிருக்கு, எனக்குத் தெரியுது. நகர முடியல. டேப்லெட் மட்டும்தான் கையில இருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க.' கீழே முகவரி. பிழை ஒன்றும் இல்லை. அந்த நிலையிலும் அஞ்சல் குறியீட்டை இரண்டு முறை எழுதியிருந்தார்.

அப்போது களத்தில் எழுநூறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் அது தெரியாது.

லயனல் உடனே எழுதினார்: 'கூப்பிட்டுட்டேன் வினிஃப்ரெட். வந்துக்கிட்டு இருக்காங்க. அசையாதீங்க.' முதலில் அவரைத் தைரியப்படுத்தவேண்டும் என்று தோன்றியது. பிறகு மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்தேன். ஆம்புலன்ஸுக்கான மூன்று ஒன்பதுகளில் இரண்டை அழுத்தினேன். மூன்றாவதை அழுத்துவதற்கு முன், யார் பேசுவது என்று கேட்பார்களே என்று யோசித்தேன். லயனல் என்று ஒருவர் இல்லை. கிளைவ் ஆம்ப்ளருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டால், களத்தில் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அவர்கள் களத்தைப் பார்த்தால் அப்படி ஒரு பதிவே இருக்காது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம் என்று தொலைபேசியை வைத்தேன். அழைத்தால் ஒன்பது நிமிடத்தில் வண்டி வந்திருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

பதினொன்றரைக்கு, 'இன்னும் வரலையே' என்றார்.

'நாலு மணி நேரம் ஆகுமாம்' என்றார் லயனல். 'எங்க பாத்தாலும் இதே கதைதான்.'

அவர் நம்பினார். இந்த நாட்டில் யார்தான் நம்பமாட்டார்கள்? 'பாவம், அவங்களும் என்ன பண்ணுவாங்க. ஆள் பத்தாது. நான் வேலை பாத்தப்பவே பத்தாது' என்று எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். உர்சுலா தன் அம்மா விழுந்து எழுந்த கதையைச் சொன்னாள். டிக்கி வழக்கம்போல் ஆரம்பித்தான்.

'பெரிசு, சும்மா படுத்திருக்கிற நேரத்துல ஒரு மதிப்புரை எழுதுங்க. தரைக்கு எத்தனை நட்சத்திரம்?'

'ரொம்ப சில்லுன்னு இருக்குடா. ஒண்ணுதான்.'

நான் சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண் என்னவென்று கேட்டாள். ஒரு பழைய நண்பர் என்றேன்.

மதியம் இரண்டேகால். உங்கள் தாளில் இந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். அவர் எழுதியது: 'லிண்டாவுக்கு ஒரு மெயில் போட்டுப் பாக்கட்டுமா? பக்கத்துலதான் இருக்கா.' லயனல் எழுதியது: 'வேண்டாம், சார்ஜ் தீர்ந்துடும். வண்டி கிளம்பிடுச்சு, இப்பத்தான் பேசினாங்க. எங்களோட மட்டும் பேசிக்கிட்டு இருங்க.'

ஆமாம், அதை எழுதியது நான்தான். வண்டி கிளம்பவில்லை என்று எனக்குத் தெரியும். லிண்டா வந்தால் அவர் பிழைத்துவிடுவார் என்றும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. மூன்றரை மணி நேரமாக ஒருவர் காத்திருக்கிறார், அவர் ஒரு முறையும் கோபப்படவில்லை. அவர் எழுத்து மெல்ல மாறிக்கொண்டிருந்தது. மழையைப் பற்றி எழுதினார். தான் கையில் வாங்கிய முதல் குழந்தையைப் பற்றி எழுதினார். ஜன்னலில் ஒரு குருவி உட்கார்ந்திருப்பதைப் பற்றி இரண்டே வரி எழுதினார். பத்தொன்பது மாதத்தில் அவர் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நாலு மணிக்கு ஹ்யூகோ வந்து என் தோளில் கை வைத்தார். நான் திரையை மாற்றவில்லை. அவர் பார்த்திருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும். "என்னப்பா, இன்னிக்கு யார் சண்டை?" என்றார். "ஒண்ணுமில்ல, அமைதியா இருக்கு" என்றேன். போய்விட்டார்.

ஐந்தரைக்கு எழுத்துகள் விட்டுப்போக ஆரம்பித்தன. முதல் முறையாகப் பிழைகள் வந்தன. ஐந்து ஐம்பதுக்கு, 'மூணு சதவீதம்தான் இருக்கு. குளிருது. எல்லாருக்கும் நன்றி. நீங்க இல்லேன்னா ரொம்ப பயந்துருப்பேன்' என்று வந்தது.

'பாலத்தைத் தாண்டிட்டாங்களாம் வினிஃப்ரெட்' என்றார் லயனல். அது அவர் திரைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

நான் பதினோரு பேரையும் ஒவ்வொருவராக வெளியேற்றினேன். கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். அவர் மறுநாள் காலைவரை உயிரோடு இருந்திருக்கிறார் என்று உங்கள் மருத்துவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. ஐந்தாம் நாள் நடமாடும் நூலக வண்டி ஓட்டுபவர் கதவைத் தட்டியிருக்காவிட்டால் இன்னும் தாமதமாகியிருக்கும். டேப்லெட்டை மின்சாரத்தில் போட்டு, அவர் பெயரில் களத்துக்குள் போய்ப் பார்த்த உங்கள் ஆள் கெட்டிக்காரர். வேறு எந்த வழியாகவும் அதைப் பார்த்திருக்க முடியாது.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு மணி நேரத்தில் அவர் எழுதிய நாற்பத்தாறு பதிவுகளையும் நான் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். ஒன்றில்கூடக் குறை சொல்லவில்லை. அந்த டேப்லெட்டில் மட்டும் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருந்திருந்தால், தன் மதிப்புரையை அவரே மாற்றி எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.