லியொனார்டோ செய்ததைத்தான் செய்தேன்

மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள் சண்முகவேல், முதலில் தண்ணீர் குடியுங்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்றால் ஊர்ப் புகாரையெல்லாம் சுமக்கத்தான் வேண்டும், பாவம். ஆறு மாதமாக இந்த மந்தைவெளிக் கட்டடத்தில் லவ் பேர்ட்ஸ் கூண்டுகளைத் திறப்பது யார் என்றுதானே கேட்க வந்தீர்கள்? நான்தான்.

லியொனார்டோ டா வின்சியின் வாழ்க்கையை நான் தமிழில் எழுதிவருவது உங்களுக்குத் தெரியும். முதல் அத்தியாயத்தை உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் படிக்கவில்லை, பரவாயில்லை. ஓவியர், பறக்கும் இயந்திரம் வரைந்தவர், ஆரம்பித்ததில் பாதியை முடிக்காதவர். கடைசி விஷயத்தில் மட்டும் என் அகத்துக்காரர் மாதிரி. சந்தையில் கூண்டுப் பறவைகளை வாங்கி, அங்கேயே திறந்து பறக்கவிடுவார் என்று சொல்வார்கள். அந்தப் பக்கத்தை எழுதியபோது என் கண் நனைந்துவிட்டது.

என் அகத்துக்காரர் பத்ரிநாராயணன் போய் மூன்றரை வருஷம். அமாவாசை தவறாமல் மொட்டை மாடியில் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுவேன். ஒரு அண்டங்காக்கை வரும். கழுத்தைச் சாய்த்துச் சோற்றைப் பார்க்கும். போய்விடும். அவரேதான், சந்தேகமில்லை. இருந்தபோதும் இதே பார்வை, "இது ரசமா, வெந்நீராடி?" என்று. காக்கை தொடாத சோறு பித்ருவின் மனக்குறை. அது தொடாமல் அன்றைக்கு நானும் சாப்பிடக்கூடாது. வடை வைத்தேன், பாயசம் வைத்தேன். மூன்று வருஷம், ஒரு பருக்கை தொடவில்லை.

தை அமாவாசையன்று, லியொனார்டோவை நினைத்துக்கொண்டு, கீழ்வீட்டு மதுமதியின் வராந்தாக் கூண்டை மாடிக்கு எடுத்துப் போய்த் திறந்தேன். பச்சை ஜோடி. பறக்கத் தெரியாமல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தன. அவர் வந்தார். சாப்பிட்டார். பிறகு என் சோற்றிலும் ஒரு வாய் எடுத்துக்கொண்டார். என் கையால் வைத்ததை அவர் தொட்டதே அன்றுதான்.

"அம்மா, நீங்க சைவம்லா?"

ஆமாம். நான் தொடுவதில்லை. அவருக்குத்தான்.

மாசியில் மஞ்சள். பங்குனியில் நீலம்; அது அவருக்கு ருசிக்கவில்லை, பாதியை வைத்துவிட்டார். சித்திரையில் ஒன்று தப்பி எதிர்வீட்டு வேப்பமரத்துக்குப் போய்விட்டது. அவர் என்னை அதே ரசப் பார்வை பார்த்தார். அதற்கப்புறம் இறக்கையைக் கத்தரித்துவிட்டுத்தான் விடுதலை செய்கிறேன்.

"இனிமே செய்ய மாட்டேன்னு எழுதித் தாங்கம்மா. புள்ளைய எல்லாம் அழுதுட்டுக் கெடக்கு."

தாராளமாக எழுதித் தருகிறேன். இனி ஒரு லவ் பேர்ட்ஸைக்கூடத் தொட மாட்டேன். கட்டடத்தில்தான் ஒன்றும் மிச்சமில்லையே.

நாளைக்கு ஆடி அமாவாசை. உங்கள் வீட்டு பால்கனியில் முயல் குட்டி போட்டிருக்கிறதாமே, சண்முகவேல்? கூண்டு முயல்களைப் பற்றி லியொனார்டோ என்ன சொல்லியிருக்கிறார் என்று காலையிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன். அகப்படவில்லை. சொல்லாமலா இருந்திருப்பார்?