பீங்கான் மூடிக்குப் பதினோரு சாட்சி

சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு மைக்செட்காரர், பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"என்னைக் காட்டிக் குடுத்தது நானேதான் மாப்ள."

"என்னங்க மாமா? அந்த மூடியை வேற யாரும் செய்யக் கூடாதுன்னு பேடண்டு கேட்டீங்களே, கெடைக்கலியா?"

"இல்லன்னு கடுதாசி வந்துடுச்சு."

"மைக்குல மாட்டுனா இரைச்சலை அடக்கிப் பேச்சைத் தெளிவா குடுக்குதே. முன்னாடியே யாராவது செஞ்சிட்டாங்களா?"

"செஞ்சிருக்காங்க. யாருன்னு பார்த்தா நான்தான். மனு போடுறதுக்கு முன்னாடி அதை ஊரறிய மாட்டியிருக்கக் கூடாதாம். நான் மூணு வருஷமா மாட்டுன கல்யாண வூடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாத்துலயும் 'நல்லா கேட்டுது'ன்னு தேதி போட்டு சர்டிபிகேட்டு வாங்கி, பதினொண்ணை மனுவோடவே வச்சு அனுப்பிட்டேன்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சிரிச்சுக்க. ஆபீசரு எங்கயும் போய் விசாரிக்கல. எல்லாத்தையும் நானே அனுப்பி வச்சிட்டேன்."

"அப்ப அதைச் சுட்டுக் குடுத்த பீங்கான் கம்பெனிக்காரரே செஞ்சு விக்கலாமா?"

"நேத்தே வூட்டுக்கு வந்துட்டாரு. வாங்க வர்றவங்களுக்குக் காட்டணும்னு அந்த சர்டிபிகேட்டுக்கெல்லாம் நகல் கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். நல்லா வேலை செய்யுற சாமானாச்சே."